மூளை ரத்தக்குழாய்ப் பிறழ்வுகள்: ஒரு பெயருக்குள் பல நோய்கள்

2006ஆம் ஆண்டு டிசம்பர் 13 அன்று, அமெரிக்க செனட் உறுப்பினர் டிம் ஜான்சன் தொலைபேசி வழியாகச் செய்தியாளர்களுடன் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே சொற்கள் குழறின. சொல்ல வந்தது வாய்வரை வந்து நின்றது. அன்றே அவர் வாஷிங்டனில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அன்றிரவே மூளையில் அறுவை சிகிச்சை தொடங்கியது. அவருக்கு அப்போது வயது 59. அதுவரை கண்டறியப்படாமல் தலைக்குள் இருந்த ஒரு ரத்தக்குழாய்ப் பின்னல் கசிந்ததே காரணம் என்று மருத்துவர்கள் தெரிவித்தனர். ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்குப் பிறகு, 2007 செப்டம்பரில், அவர் மீண்டும் அவைக்கு வந்தார். பேச்சு மெதுவாகியிருந்தது. ஆனாலும் அடுத்த ஆண்டுத் தேர்தலில் வென்று, 2015 ஜனவரி வரை பணியாற்றினார்.

இதே நோயின் இன்னொரு முகமும் உண்டு. நாள்பட்ட தலைவலிக்காகவோ, வண்டியிலிருந்து விழுந்து அடிபட்டதற்காகவோ எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையின் கடைசிப் பத்தியில் ‘வாஸ்குலர் மால்ஃபார்மேஷன்’ (ரத்தக்குழாய்ப் பிறழ்வு) என்ற இரண்டு சொற்கள் இருக்கும். அந்தச் சொற்களைக் கைப்பேசியில் தேடிப் பார்த்த பிறகு அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அன்றிரவு தூக்கம் இருக்காது. ஆனால் அந்த அறிக்கை குறிப்பிடுவது, வாழ்நாள் முழுவதும் எந்தத் தீங்கும் செய்யாமல் இருந்துவிடக்கூடிய ஒரு சிரையாகவும் இருக்கலாம். உடனே சிகிச்சை தேவைப்படும் பின்னலாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதுதான் இதில் உள்ள பெருஞ்சிக்கல். ஆகவே இந்தப் பெயருக்குள் எத்தனை வகை இருக்கின்றன, ஒவ்வொன்றும் எப்படி நடந்துகொள்கிறது, குழந்தைக்கும் பெரியவருக்கும் அது ஏன் வேறுபடுகிறது என்பதை இயன்றவரை எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில், இயல்பான ஓட்டம்

மூளை, உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் நாம் ஓய்வாக இருக்கும்போது இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை அதற்கே செல்கிறது. கழுத்தின் முன்புறம் இரண்டும் பின்புறம் இரண்டுமாக நான்கு தமனிகள் அந்த ரத்தத்தை மேலே கொண்டுசெல்கின்றன. தமனியின் சுவர் தடித்தது, தசை நிறைந்தது. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் வரும் அழுத்தத்தைத் தாங்கும் வகையில் அமைந்தது. அது கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் ஒரு சிவப்பணு மட்டும் நுழையக்கூடிய அளவுக்கு மெல்லிய தந்துகிகளாக மாறுகிறது. ஆக்சிஜனும் குளுக்கோஸும் திசுவுக்குள் இறங்குவது அங்கேதான். அதைவிட முக்கியமாக, ரத்தத்தின் வேகமும் அழுத்தமும் அடங்குவதும் அங்கேதான். அடங்கிய ரத்தமே சிரைகளுக்குள் செல்கிறது. சிரையின் சுவர் மெல்லியதாக இருப்பதற்குக் காரணம், அதற்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டிய தேவை இல்லை என்பதே.

ஆற்றுப் பாசனத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், அங்கிருந்து கிளை வாய்க்காலுக்கும், மடை வழியாக வயலுக்கும் வரும் நீர், வயலில் நின்று மண்ணில் ஊறிய பிறகு, மிச்சம் மட்டும் மெதுவாக வடிகாலில் இறங்குகிறது. வடிகாலின் கரை அந்த மெதுவான நீருக்காக வெட்டப்பட்டது. நடுவில் வயலே இல்லாமல் வாய்க்காலை நேராக வடிகாலில் திருப்பிவிட்டால், ஒருபுறம் வயல் காயும். மறுபுறம் வடிகாலின் கரை என்றாவது உடையும். மூளை ரத்தக்குழாய்ப் பிறழ்வுகளில் பலவற்றின் ஆபத்தை இந்த ஒரு காட்சியால் புரிந்துகொள்ளலாம். வேகமான ஓட்டம் மெல்லிய சுவருக்குள் நுழைகிறதா என்பதுதான் எந்தப் பிறழ்வைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

‘பிறழ்வு’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். ‘கட்டி’ என்று பலர் சொல்கிறார்கள். அது புற்றுநோய் என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகிறது. இவை புற்றுநோய் அல்ல. உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவுவதும் இல்லை. ‘அனியூரிசம்’ என்பதும் வேறு. அது ஒரு தமனியின் சுவர் ஓரிடத்தில் பலவீனமாகிக் குமிழ்போலப் புடைப்பது.

அமைதியான வகைகள்

வளர்ச்சிசார் சிரை மாறுபாடு என்பது, ஸ்கேன் அறிக்கைகளில் ‘டி.வி.ஏ.’ என்று குறிக்கப்படும் வகை. இருப்பதிலேயே அதிகம் காணப்படுவது இதுதான். நூறு பேரைப் பார்த்தால் இரண்டு மூன்று பேரிடம் இருக்கும். படத்தில் பார்க்கும்போது, விரித்த குடையின் கம்பிகள் நடுக்காம்பில் வந்து சேர்வதைப்போல, சிறு சிரைகள் பல ஒரு பெரிய சிரையில் வந்து கூடும். இது வழக்கமான வழியில் அமையாத வடிகால், அவ்வளவே. அதைச் சுற்றியுள்ள ஆரோக்கியமான மூளைத் திசுவின் ரத்தம் அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதை அகற்றினாலோ அடைத்தாலோ அந்தப் பகுதியில் ரத்தம் தேங்கி மூளை பாதிக்கப்படும். ஆகவே அறிக்கையில் இது மட்டும் இருந்தால், பெரும்பாலும் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. தந்துகிகள் சற்று விரிந்து காணப்படும் இன்னொரு வகையும் உண்டு. பொதுவாக, மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டில் தற்செயலாகத் தென்படும் அதுவும் தீங்கற்றது.

கேவர்னோமா

மெல்லிய சுவர் கொண்ட சிறு குகைகள் ஒன்றோடொன்று ஒட்டிய கொத்தாக இதைக் கற்பனை செய்யலாம். முசுக்கொட்டைப் பழத்தைப் போன்ற தோற்றம். இருநூறு பேரில் ஒருவருக்கு ஒன்றாவது இருக்கும் என்பது தோராயமான கணக்கு. இதில் ரத்தம் விரைவதில்லை. தேங்கி நிற்பதுபோல மெதுவாக நகர்கிறது. ஓட்டம் அவ்வளவு மெதுவானது என்பதால், ரத்தக்குழாய்களை மருந்து செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமில் இது தெரிவதில்லை, எம்.ஆர்.ஐ.தான் காட்டிக்கொடுக்கும். சிறிது சிறிதாகக் கசிந்த பழைய ரத்தத்தின் இரும்புச்சத்து சுற்றிலும் படிந்து, படத்தில் கறுப்பு வளையமாகத் தெரியும்.

அந்த இரும்புப் படிவு மூளையின் மேலடுக்கான புறணியை உறுத்துவதால் வலிப்பு வருவதுண்டு. 1988இல் 100 மீட்டரை 10.49 வினாடியிலும் 200 மீட்டரை 21.34 வினாடியிலும் ஓடிய ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர், 1998 செப்டம்பர் 21 அன்று 38 வயதில் தூக்கத்திலேயே இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய மூளையில் இருந்த கேவர்னோமா தெரியவந்தது. உறக்கத்தில் ஏற்பட்ட வலிப்பின்போது மூச்சு அடைபட்டதே காரணம் என்று அதிகாரிகள் அறிவித்தனர். இதைச் சொல்வது அச்சமூட்டுவதற்காக அல்ல. கேவர்னோமாவில் ரத்தக்கசிவைப் பற்றி மட்டுமே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். வலிப்புக்கான மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதும் அதே அளவுக்கு உயிர்காக்கும் காரியம் என்பதைச் சொல்வதற்காகவே.

கசிவின் ஆபத்து எல்லோருக்கும் ஒன்றல்ல. இதுவரை கசியாத, மூளைத்தண்டுக்கு வெளியே இருக்கும் கேவர்னோமா, ஐந்தாண்டுக்குள் கசிவதற்கான வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. ஏற்கெனவே ஒருமுறை கசிந்து, மூளைத்தண்டிலும் இருந்தால் அதே ஐந்தாண்டில் அது ஏறத்தாழ 31 சதவீதம். இரண்டு எண்களும் 2016இல் வெளியான, பல நாட்டு நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்த ஓர் ஆய்விலிருந்து வந்தவை. ‘கேவர்னோமா’ என்ற ஒரே சொல்லுக்குள்ளேயே எட்டு மடங்கு வேறுபாடு இருப்பதைக் கவனியுங்கள்.

ஐந்தில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு இது குடும்ப வழியாக வருகிறது. ஒருவருக்குப் பல கேவர்னோமாக்கள் இருந்தால் அந்த ஐயம் வலுக்கும். காரணமான மூன்று மரபணுக்கள் அறியப்பட்டுள்ளன. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர 50 சதவீதம் வாய்ப்பு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், பழைய ஸ்பானியக் குடியேறிகளின் வழிவந்த குடும்பங்களில் ஒரே மரபணு மாற்றம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது நன்கு ஆராயப்பட்டிருக்கிறது.

தமனியும் சிரையும் நேரடியாகச் சேரும்போது

டிம் ஜான்சனுக்கு இருந்தது இந்த வகை. மருத்துவர்கள் ‘ஏ.வி.எம்.’ என்பார்கள், தமிழில் தமனி–சிரைப் பிறழ்வு எனலாம். தமனிக்கும் சிரைக்கும் நடுவே இருக்க வேண்டிய தந்துகிகள் இங்கே இல்லை. அவற்றுக்குப் பதிலாக, சிக்கெடுக்க முடியாத நூல்கண்டைப்போல முறுக்கிய குழாய்களின் முடிச்சு ஒன்று இருக்கிறது. வயல் இல்லாத பாசனம் என்று மேலே சொன்னது இதைத்தான். ஏ.வி.எம். கண்டறியப்படுபவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ரத்தக்கசிவே முதல் அறிகுறி. மற்றவர்களுக்கு வலிப்பு, தலைவலி, ஒரு கை அல்லது கால் மெல்லப் பலவீனமாதல் ஆகியவற்றில் ஒன்று.

இந்தப் பிறழ்வை நேரில் பார்த்துப் புரிந்துகொள்ளச் சிறந்த இடம் ஆஞ்சியோகிராம் அறையின் திரை. தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைக் கழுத்துவரை செலுத்தி, அயோடின் கலந்த மருந்தை உள்ளே விட்டு, தொடர்ந்து எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். இயல்பான மூளையில், முதலில் தமனிகள் மட்டும் மரக்கிளைகளாகக் கறுத்துத் தெரியும். அடுத்து அவை மங்கி, மூளை முழுவதும் புகை படர்ந்ததுபோல ஒரு சாம்பல் நிறம் பரவும். மருந்து தந்துகிகளில் இருக்கும் நேரம் அது. சில வினாடிகள் கழித்தே சிரைகள் ஒவ்வொன்றாக எழும். ஏ.வி.எம். உள்ளவருக்கு அந்தப் புகைக்காகத் திரை காத்திருப்பதில்லை. தமனி கறுத்த அதே கணத்தில், அதன் அருகிலேயே தடித்து வளைந்த ஒரு சிரையும் கறுத்துவிடுகிறது. வரவேண்டிய நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட அந்தச் சிரைதான் நோயின் அடையாளம். 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்ற மருத்துவர் உயிருள்ள மனிதரின் மூளை ரத்தக்குழாய்களை முதன்முதலாக எக்ஸ்ரேயில் காட்டியதிலிருந்து தொடங்கிய பரிசோதனை இது. எத்தனையோ புதிய ஸ்கேன்கள் வந்த பிறகும், ஏ.வி.எம்.மின் முழு அமைப்பையும் அறிவதற்கு இன்றும் இதுவே இறுதிச் சொல்.

ஏன் வந்தது?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பது தாய்மார்கள்தான். கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்ததாலா, சாப்பிடக்கூடாத எதையாவது சாப்பிட்டதாலா, சொந்தத்தில் மணம் முடித்ததாலா என்று வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்லியிருப்பார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குத் தெளிவான திசையைக் காட்டியது. அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட ஏ.வி.எம். திசுக்களை ஆராய்ந்தபோது, 72 பேரில் 45 பேருடைய திசுவில் ‘கே.ராஸ்’ என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது; ஒப்பிடுவதற்காகச் சோதித்த ரத்தத்தில் அந்த மாற்றம் இல்லை. அதாவது, அது தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்த மாற்றம் அல்ல; கரு உருவான பிறகு ரத்தக்குழாயின் ஒரு செல்லில் தானாக நேர்ந்து, அந்த இடத்தோடு நின்றுவிட்டது. பெரும்பாலான ஏ.வி.எம்.கள் இப்படித் தனித்து வருபவையே. பழியைச் சுமத்த அங்கே யாரும் இல்லை.

விதிவிலக்காக, குடும்பத்தில் தொடரும் நோய் ஒன்று உண்டு. பரம்பரை ரத்தக்கசிவுத் தந்துகி விரிவு நோய் என்பது சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு இருப்பது. சில்லுமூக்கு உடைந்து ரத்தம் வருவதை நம் வீடுகளில் உடம்புச் சூடு என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும். ஆனால் தாத்தா, தாய், பிள்ளை என்று மூன்று தலைமுறையிலும் அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்து, உதட்டிலும் விரல் நுனிகளிலும் சிறு சிவப்புப் புள்ளிகளும் இருந்தால், அந்தக் குடும்பம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மூளையில் பிறழ்வு இருக்கிறது, நுரையீரலிலும் இருக்கலாம்.

குழந்தையின் நெற்றியிலும் மேல் இமையிலும் கருஞ்சிவப்பாகப் படர்ந்த பிறவி மச்சம் இருப்பதும் கவனிக்க வேண்டிய அடையாளம். ஸ்டர்ஜ்–வெபர் என்ற நோயில், அந்த மச்சத்தோடு அதே பக்கத்து மூளை உறையிலும் ரத்தக்குழாய்கள் பிறழ்ந்திருக்கும். முதல் வயதிலேயே வலிப்பு தொடங்கலாம், கண்ணின் அழுத்தம் உயரலாம். மச்சம் இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த நோய் இருப்பதில்லை. ஆனால் நெற்றி மச்சம் உள்ள கைக்குழந்தையைக் கண் மருத்துவரிடமும் நரம்பியல் மருத்துவரிடமும் காட்டுவது அவசியம்.

பிறந்த குழந்தையின் இதயமும் மூளையின் சிரையும்

குழந்தைகளுக்கே உரிய பிறழ்வு ஒன்று இருக்கிறது. பண்டைய கிரேக்க மருத்துவர் காலனின் பெயரால் அழைக்கப்படும் ஒரு பெரிய சிரை, மூளையின் நடுவில் உள்ளது. கருவின் முதல் மூன்று மாதங்களுக்குள் மறைய வேண்டிய அதன் முன்னோடிச் சிரை மறையாமல் தங்கி, அதற்குள் தமனிகள் நேரடியாகத் திறந்துகொண்டால், அது பலூனைப்போலப் பெருத்துவிடும். வயிற்றில் இருக்கும்வரை குழந்தை ஓரளவு சமாளிக்கும். நஞ்சுக்கொடியும் ரத்தத்தில் பெரும்பங்கை எளிதாக வாங்கிக்கொள்வதால், எல்லா ரத்தமும் தலைக்குப் பாய்வதில்லை. பிறந்து, தொப்புள்கொடி வெட்டப்பட்ட பிறகு, அந்தப் பங்கும் சேர்ந்து தலைக்குள் உள்ள குறுக்கு வழியை நோக்கித் திரும்புகிறது. அதை ஈடுகட்ட இதயம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு உழைத்துக் களைத்துப்போகிறது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது, பால் குடிக்கவில்லை, இதயம் வீங்கியிருக்கிறது என்று குழந்தை இதய மருத்துவரிடம் முதலில் வந்துசேர்கிறது. இதயத்தின் அமைப்பில் ஒரு குறையும் இருக்காது. அனுபவமுள்ள மருத்துவர் அப்போது ஸ்டெதஸ்கோப்பைக் குழந்தையின் உச்சிக்குழியில் வைத்துக் கேட்பார். அங்கே ‘உஸ்... உஸ்...’ என்று ரத்தம் பாயும் ஓசை கேட்கும்.

தலையைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை மட்டுமே இருந்த காலத்தில் இந்தப் பச்சிளம் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பாரிஸ் அருகே பிசெத்ரு மருத்துவமனையில் பியேர் லாஸ்ஜோனியாஸ், ரத்தக்குழாய் வழியாகவே உள்ளே சென்று பசைபோன்ற மருந்தால் குறுக்கு வழிகளைப் படிப்படியாக அடைக்கும் முறையை வளர்த்தெடுத்தார். அவருடைய அணுகுமுறையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, அவசரப்படாமை. மருந்துகளால் இதயம் தாக்குப்பிடித்தால் ஐந்து மாதம்வரை காத்திருந்து, குழாய்கள் சற்றுப் பெரிதான பிறகு சிகிச்சை செய்வதே நல்லது என்று அவர் காட்டினார். தாக்குப்பிடிக்காத குழந்தைக்கு உடனே செய்ய வேண்டும். 2023இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் இன்னொரு படி முன்னே சென்றார்கள். 34 வாரச் சிசு கருப்பையில் இருக்கும்போதே, அல்ட்ராசவுண்ட் துணையுடன் தாயின் வயிறு வழியாகச் சிசுவின் தலைக்குள் ஊசியைச் செலுத்தி, பிளாட்டினச் சுருள்களால் அந்தச் சிரையின் ஓட்டத்தைக் குறைத்தார்கள். சில நாட்களில் பிறந்த அந்தக் குழந்தைக்கு இதயத்தைத் தாங்கும் மருந்துகள் தேவைப்படவில்லை.

பெரியவர்களிடம் இதற்கு நேர்மாறான ஒன்று உண்டு: பிறவியில் இல்லாமல் நடுவயதில் உருவாவது. மூளையின் வெளி உறையில் உள்ள பெருஞ்சிரைக் குழிகளில் ரத்தம் உறைந்த பிறகும், சில வேளை காரணம் புலப்படாமலும், உறையின் தமனி சிரைக்குள் திறந்துகொள்ளும். இரவில் தலையணையில் சாய்ந்தால் ஒரு காதில் மட்டும் நாடித்துடிப்போடு சேர்ந்து இரைச்சல் கேட்கிறது என்று சிலர் சொல்வார்கள். அதைக் காதுவலிபோலப் பொருட்படுத்தாமல் விட்டுவிடக்கூடாது. ரத்தம் மூளையின் சிரைகளுக்குள் எதிர்த்திசையில் ஏறத் தொடங்கினால், கசிவு வரும். மறதியும் தடுமாற்றமும்கூட வரும். அந்த மறதி, காரணத்தை அடைத்துவிட்டால் மீளக்கூடியது.

கசிவு நேரும் நிமிடத்தில்

திடீரென, அதுவரை வாழ்நாளில் அறியாத கடும் தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளுதல், பேச்சுக் குழறல், மயக்கம் ஆகியவை மூளைக்குள் ரத்தம் கசிவதன் அடையாளங்கள். பச்சிளம் பருவம் தாண்டிய குழந்தைகளுக்கு அடிபடாமலேயே மூளையில் ரத்தம் கசிந்தால், அதற்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று ஏ.வி.எம். பள்ளியிலிருந்து தலையைப் பிடித்துக்கொண்டு வந்து, வாந்தி எடுத்து, எழுப்பினாலும் எழாமல் தூங்கும் குழந்தைக்கு அஜீரணம் என்று இஞ்சிச்சாறு கொடுத்துக் காத்திருப்பது விலைமதிப்பற்ற மணிநேரங்களை இழப்பதாகும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பக்கவாதம் என்று நினைத்து வீட்டிலேயே ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்துவிடக்கூடாது. அடைப்பா கசிவா என்பதை ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது, கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் நிலைமையை மோசமாக்கும்.

வலிப்பு வந்தால், கையில் சாவியோ இரும்போ திணிப்பதால் அது நிற்பதில்லை. அது தானாக அடங்கும் நேரத்தில் சாவி கையில் இருந்ததால் அந்த நம்பிக்கை நிலைத்துவிட்டது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸ் தேவை. வாழ்வில் முதல்முறையாக வந்த வலிப்பு என்றால், அது உடனே நின்றுவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்வது அவசியம்.

எண்களை எப்படிப் படிப்பது

இதுவரை கசியாத ஏ.வி.எம். ஓர் ஆண்டில் கசிவதற்கான வாய்ப்பு 2 முதல் 4 சதவீதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒருமுறை கசிந்துவிட்டால், அடுத்த ஓராண்டுக்கு அது கூடுதலாக இருக்கும். கசிவு ஒவ்வொன்றிலும் பத்தில் ஒருவர் அளவுக்கு உயிரிழக்கிறார்கள். நிரந்தரக் குறைபாட்டோடு வாழ்பவர்கள் அதைவிட அதிகம்.

ஆண்டுக்கு 3 சதவீதம் என்பது கேட்பதற்குச் சிறியது. ஆனால் அதை ஆண்டுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆபத்து ஆண்டுதோறும் மாறாமல் இருப்பதாக வைத்துக்கொண்டால், 60 வயதான ஒருவருக்கு அடுத்த 15 ஆண்டுகளில் ஒருமுறையாவது கசிவு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 37 சதவீதம். அதே ஏ.வி.எம். 8 வயதுச் சிறுமிக்கு இருந்து, அவள் 68 வயதுவரை வாழ்வதாகக் கணக்கிட்டால் அது 84 சதவீதம். இது தோராயமான கணக்குதான். எனினும், தாத்தாவுக்குக் ‘கவனித்துக்கொண்டிருப்போம்’ என்று சொன்ன அதே மருத்துவர், பேத்திக்குச் ‘சிகிச்சை செய்துவிடலாம்’ என்று சொல்வது ஏன் என்பதை இது விளக்கிவிடுகிறது. படம் ஒன்றாக இருந்தாலும், குழந்தைக்கு முன்னால் இருக்கும் காலம் நீண்டது.

சிகிச்சை தானே தீங்கு செய்யக்கூடும் என்பதையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும். 2014இல் முடிவுகள் வெளியான ‘அருபா’ என்ற பன்னாட்டு ஆய்வில், கசியாத ஏ.வி.எம். உள்ள பெரியவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். மருந்துகளால் மட்டும் கவனிக்கப்பட்ட 109 பேரில் 11 பேருக்கும், சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்ட 114 பேரில் 35 பேருக்கும் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. இந்த முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. அறுவை, கதிர்வீச்சு, குழாய் அடைப்பு ஆகிய மூன்றையும் ஒரே கூடையில் போட்டது, சராசரியாக மூன்றாண்டுக்கும் குறைவாகவே கண்காணித்தது ஆகியவை அதன்மேல் வைக்கப்பட்ட விமர்சனங்கள். அந்த விமர்சனங்கள் நியாயமானவை என்றே நான் கருதுகிறேன். அதிலும், குழந்தைகள் அந்த ஆய்வில் இல்லை. ஆனாலும், கசியாத பிறழ்வைக் கண்டதும் கைவைத்துவிட வேண்டும் என்ற அவசரத்துக்கு அது போட்ட கடிவாளம் நல்லதே.

சிகிச்சை

1986இல் ராபர்ட் ஸ்பெட்ஸ்லரும் நீல் மார்ட்டினும் வகுத்த தரவரிசையே இன்றும் அறுவை சிகிச்சைப் பேச்சின் தொடக்கம். ஏ.வி.எம். 3 சென்டிமீட்டருக்கும் சிறியதா, 6 சென்டிமீட்டரைத் தாண்டியதா. பேச்சு, பார்வை, கை கால் அசைவு போன்றவற்றை ஆளும் பகுதியில் இருக்கிறதா. அதன் ரத்தம் மூளையின் ஆழமான சிரைகளுக்கு வடிகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கான புள்ளிகளைக் கூட்டினால் 1 முதல் 5 வரை ஒரு தரம் கிடைக்கும். 1, 2 தரங்களை அனுபவமுள்ள கைகள் பாதுகாப்பாக அகற்றும். 4, 5 தரங்களைப் பெரும்பாலும் தொடாமல் விடுவதே நல்லது.

அறுவையில் மீறக்கூடாத விதி ஒன்று இருக்கிறது: தமனிகளை முதலில் அடைக்க வேண்டும், சிரையைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும். வடிகாலை முதலில் அடைத்தால் நீர் கரையை உடைக்கும் அல்லவா? மண்டையோட்டைத் திறந்ததும் நுண்ணோக்கியின் கீழ் தெரியும் சிரை, நீலமாக இருக்க வேண்டியது, தமனி ரத்தம் பாய்வதால் செக்கச்செவேலென்று புடைத்துத் துடித்துக்கொண்டிருக்கும். தமனிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போகும்போது அந்தச் சிவப்பு மங்கும். கடைசித் தமனியும் அடைபட்டதும் சிரை தளர்ந்து, கருநீலமாக மாறும். இனி அதை வெட்டலாம் என்று அந்த நிறமே சொல்கிறது.

‘காமா நைஃப்’ என்ற பெயரைக் கேட்டுக் கத்தி என்று பயப்பட வேண்டாம். அதில் வெட்டு இல்லை. பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியில் குவிந்து, குழாய்களின் உட்சுவரைத் தடிக்கச் செய்து மெல்ல மெல்ல மூடவைக்கும். 1970இல் ஸ்டாக்ஹோமில் ஏ.வி.எம்.முக்கு இது முதன்முதலாகப் பயன்பட்டது. சிறிய, ஆழமான பிறழ்வுகளுக்கு ஏற்றது. ஆனால் முழுதாக மூட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை கசிவின் ஆபத்து இருந்துகொண்டே இருக்கும். சிகிச்சை முடிந்துவிட்டது என்று நினைத்து மறுபரிசோதனைக்கு வராமல் இருப்பவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மைக்ரோ கதீட்டர் என்ற மிக மெல்லிய குழாய் வழியாகப் பசையைச் செலுத்தி அடைக்கும் எம்போலைசேஷன், ஏ.வி.எம்.மில் பெரும்பாலும் மற்ற இரண்டுக்கும் துணை. உறைச் சிரைத் திறப்புகளிலும் பிறந்த குழந்தையின் சிரைப் பிறழ்விலும் அதுவே முதன்மைச் சிகிச்சை.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பின் ஆஞ்சியோகிராம் எடுத்து, ஏ.வி.எம். முழுதாக நீங்கிவிட்டது என்று உறுதி செய்த பிறகும், சில குழந்தைகளுக்கு ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மீண்டும் உருவாகியிருக்கிறது. பெரியவர்களிடம் இது மிக அரிது. ஆகவே ஏழு வயதில் குணமான பிள்ளைக்கும், வளர்ந்து பெரியவராகும்வரை இடையிடையே ஸ்கேனும், முடிவில் ஓர் ஆஞ்சியோகிராமும் தேவைப்படும். இதற்காகப் பெற்றோர் வீட்டில் செய்யக்கூடியது எளிது. அறிக்கைத் தாளை மட்டும் எடுத்து வைத்தால் போதாது. படங்கள் பதிவான சி.டி.யையும் கேட்டு வாங்கி, அதன்மேல் தேதி எழுதி, இன்னொரு பிரதியை பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டு கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் புதிய படத்தில் ஒரு சிறு நிழலைப் பார்க்கும்போது, அது அன்றே இருந்த அறுவைத் தழும்பா, புதிதாக முளைத்த சிரையா என்பதைப் பழைய படத்தை அருகில் வைத்துப் பார்த்துத்தான் அவரால் சொல்ல முடியும்.